எடை குறைப்பு ஊசிக்குப் பிறகு முகம், முடி, தோல்: நீலகிரியில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊசி வேலை செய்கிறது என்பதை முதலில் எடை மெஷின் சொல்லும். இரண்டு மூன்று மாதம் போனால் ஊரே சொல்லும். "என்னம்மா, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு, சுகர் ஏறிடுச்சா?" என்று மார்க்கெட்டில் கேரட் நிறுத்துப் போடுகிறவர் கேட்பார். பத்துக் கிலோ குறைத்த சந்தோஷம் அந்த ஒரு கேள்வியில் காணாமல் போகும்.

2025 மார்ச்சில் மவுஞ்சாரோ ஊசியும் ஜூனில் வீகோவி ஊசியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. முதலாவதில் இருக்கும் மருந்து டிர்செபடைட், இரண்டாவதில் செமாகுளுட்டைட். குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் சர்க்கரைக்காகவோ எடைக்காகவோ இதைத் தொடங்கியவர்களைப் பார்த்தால் ஒரு விஷயம் பொதுவாக இருக்கிறது. குமட்டல், மலச்சிக்கல் பற்றி டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். முகம் வாடும், முடி கொட்டும், மேல்கைச் சதை தொங்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. கேட்கக் கூச்சம், சொல்ல நேரமில்லை. நானும் இந்த ஊசி போட்டுக்கொண்டவள்தான், மருத்துவர் இல்லை. ஆகவே மருந்தின் அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரின் வேலை. மீதி வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வரிசைதான் முக்கியம். செலவு குறைந்த வேலைகளை எடை இறங்கிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். செலவு பிடிக்கும் வேலைகளை எடை ஒரு இடத்தில் நின்ற பிறகு யோசிக்க வேண்டும். நம்மில் பலர் தலைகீழாகப் போகிறோம். முதல் மாதமே கொலாஜன் பவுடரும் சீரமும் வந்து இறங்கிவிடும், சாப்பாட்டில் ஒரு முட்டை கூடியிருக்காது.

என்னதான் நடக்கிறது

முகத்தில் கன்னம், கண்ணுக்கடி, நெற்றிப்பொட்டு ஆகிய இடங்களில் தோலுக்கு அடியில் கொழுப்பு மெத்தை மாதிரி இருக்கிறது. எடை இறங்கும்போது அதுவும் இறங்கும். "வயித்துல மட்டும் குறையட்டும், முகம் அப்படியே இருக்கட்டும்" என்று உடம்பிடம் பேரம் பேச முடியாது. தோல் சுருங்கி உடம்போடு ஒட்டுவதற்குக் காலம் வேண்டும். எடை வேகமாகக் குறைந்தால் அந்தக் காலம் கிடைப்பதில்லை. பட்டினி கிடந்து இளைத்தாலும், அறுவை சிகிச்சையில் இளைத்தாலும் இதே கதைதான். இதில் மருந்தைவிட வேகத்துக்குத்தான் பங்கு அதிகம்.

எவ்வளவு வேகம் என்று தெரிந்துகொள்வது நல்லது. 2021இல் வெளியான செமாகுளுட்டைட் ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் குறைந்தது. டிர்செபடைட்டின் உச்ச அளவில் 72 வாரத்தில் ஏறக்குறைய 21 சதவீதம். 90 கிலோ இருப்பவருக்கு முதலாவது 13 கிலோவுக்கு மேல், இரண்டாவது கிட்டத்தட்ட 19 கிலோ. இப்படிக் குறைகிற எடை முழுவதும் கொழுப்பு இல்லை. கால் பங்கிலிருந்து நாற்பது சதவீதம் வரை தசை முதலான கொழுப்பில்லாத பகுதியிலிருந்து போவதாக அந்த ஆய்வுகளில் உடல் அமைப்பை அளந்தபோது தெரிந்தது. தோள் சரிவதும், பின்புறம் தட்டையாவதும், நடையில் ஒரு தளர்ச்சி தெரிவதும் அதனால்தான். "வயசான மாதிரி இருக்க" என்று சொல்பவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வதாக நினைக்கிறோம். பாதி நேரம் அவர்கள் பார்ப்பது தோளைத்தான்.

யாருக்கு அதிகம் தெரியும்? நாற்பதைத் தாண்டியவர்கள், பல வருடம் கனமாக இருந்தவர்கள், புகைப்பவர்கள், வெயிலிலேயே வேலை செய்தவர்கள். முப்பதுக்குள் இருப்பவருக்குத் தோல் பெரும்பாலும் தானாகவே இழுத்துப் பிடித்துவிடும்.

முதல் வேலை: தொடக்கக் கணக்கு

ஊசி தொடங்கும் வாரத்திலேயே போட்டோ எடுத்து வையுங்கள். ஒரே ஜன்னல், ஒரே நேரம், மூன்று கோணம்: நேராக, இடது, வலது. கையைப் பக்கவாட்டில் நீட்டி ஒன்று. மாதம் ஒருமுறை போதும். தினமும் கண்ணாடியில் தேடினால் தினமும் ஏதாவது கிடைக்கும். இடுப்பு, மேல்கை, தொடை மூன்றையும் இஞ்ச் டேப்பால் அளந்து குறித்து வையுங்கள். கூடவே ஒரு எளிய சோதனை: கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, சாதாரண நாற்காலியிலிருந்து 30 வினாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். எடை குறையக் குறைய இந்த எண் கூட வேண்டும், குறைந்தபட்சம் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் தசை போகிறது என்று அர்த்தம்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், பெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்துக் கையிருப்பு), தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பி12, வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை வருடக்கணக்கில் சாப்பிடுபவருக்கு பி12 குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. முடிக்காக பயோட்டின் மாத்திரை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். அது தைராய்டு ரிசல்ட்டைத் தப்பாகக் காட்டிவிடும். இரண்டு நாளாவது முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள்.

வேகத்தைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ என்றால் சரி. தொடர்ந்து அதற்கு மேல் இறங்குகிறது, அல்லது ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடுகூடச் சரியாக உள்ளே போகவில்லை என்றால், அடுத்த அளவுக்கு ஏறாமல் இதே அளவில் கொஞ்ச நாள் இருக்கலாமா என்று கேளுங்கள். எல்லோரும் உச்ச அளவுக்குப் போயாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஹெத்தையம்மன் பண்டிகை வருகிறது, அண்ணன் மகள் கல்யாணம் வருகிறது என்று தேதி வைத்துக்கொண்டு அளவை ஏற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பண்டிகையில் எடுத்த போட்டோவில் இடுப்பு சிறுத்திருக்கும், முகம் காய்ச்சலில் எழுந்த மாதிரி இருக்கும்.

சாப்பாடு: தட்டில் எது முதலில்

பசி இல்லாதபோது கைக்கு வருவது டீயும் வர்க்கியும்தான். மலையில் நாலு மணிக்கு வேறென்ன தோன்றும்! வர்க்கி மைதாவும் கொழுப்பும் சேர்ந்தது. ஏற்கெனவே சுருங்கிப்போன வயிற்றில் இரண்டு வர்க்கி உட்கார்ந்துவிட்டால் ராத்திரி சாப்பாட்டுக்கு இடமில்லை. வர்க்கியை விடச் சொல்லவில்லை. சுண்டல் சாப்பிட்ட பிறகு ஒன்று சாப்பிடுங்கள்.

புரதம் எவ்வளவு வேண்டும்? எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை என்பது வழக்கமான பரிந்துரை. 70 கிலோ என்றால் குறைந்தது 84 கிராம். நம் வழக்கமான சாம்பார் சாதத்தில் இது வரவே வராது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இப்படி: காலையில் இரண்டு முட்டை 12 கிராம், ஒரு டம்ளர் பால் 6. மதியம் கெட்டியான பருப்பு (வேகவைக்கும் முன் 40 கிராம்) 9, சமைத்த கோழி 100 கிராம் என்றால் 27, கிண்ணம் தயிர் 5. சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல் 8. ராத்திரி கொஞ்சம் பனீர் 14. மொத்தம் 81. மீதியைச் சாதமோ களியோ கொடுத்துவிடும். சைவக்காரர்கள் கோழிக்குப் பதில் மீல்மேக்கர் எடுத்துக்கொள்ளலாம். உலர்ந்த மீல்மேக்கர் 30 கிராமிலேயே 15 கிராம் புரதம் இருக்கிறது.

நம் ஊருக்கே இதில் ஒரு வசதி உண்டு. படுகர் வீடுகளில் அவரைக்கொட்டை போட்டு வைக்கும் குழம்பு, மார்க்கெட்டில் குவிந்து கிடக்கும் பட்டர் பீன்ஸ் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். காய்ந்த பயறு, அவரை வகைகள் பெரும்பாலும் 100 கிராமுக்கு 20 கிராமைச் சுற்றிப் புரதம் தரும். ஊட்டிக் காளானைத்தான் பலர் தப்பாக நம்பியிருக்கிறார்கள். காளானில் பெரும்பகுதி தண்ணீர், 100 கிராமில் 3 கிராம் புரதம் இருந்தாலே அதிகம். ருசிக்குச் சாப்பிடலாம், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சாப்பிடும் வரிசை: முதலில் முட்டை, பருப்பு, மீன், கோழி. அப்புறம் காய். சாதமோ களியோ கடைசியில். நாலு வாய்க்குப் பிறகு போதும் என்று தோன்றினாலும் தேவையானது உள்ளே போயிருக்கும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை நோயாளிகளில் அப்படிப் பலர் இருப்பார்கள். கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்த்துவிட்டு டாக்டர் சொல்லும் அளவே உங்களுக்கு.

கொலாஜன் பவுடர் பற்றிக் கேட்பீர்கள். புரதம் என்ற வகையில் அது முழுமையற்றது. டிரிப்டோபேன் என்ற அவசியமான அமினோ அமிலம் அதில் கிடையாது. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம் என்பது என் கட்சி.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. எடை குறைக்கிறேன் என்று தினமும் பச்சைக் கேரட்டாகக் கடித்துக்கொண்டிருந்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகும். மூக்கோரம்கூட மஞ்சள் தட்டும். பயப்பட வேண்டியதில்லை, கேரட்டைக் குறைத்தால் சில வாரங்களில் போய்விடும். ஆனால் கண்ணைப் பாருங்கள். வெள்ளை விழி வெள்ளையாகவே இருந்தால் அது கேரட். வெள்ளை விழியும் மஞ்சளாகி, சிறுநீர் அடர் நிறத்தில் போனால் அது மஞ்சள்காமாலை. வேகமாக எடை குறைபவர்களுக்குப் பித்தப்பைக் கல் வர வாய்ப்பு அதிகம். வலது விலாவுக்குக் கீழே வலியும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடாத வயிற்றுவலி முதுகு வரை போனாலும் அப்படியே.

மலையேறி நடப்பது போதாது

"தினமும் மேடேறித்தானே வீட்டுக்குப் போறேன், அதைவிட என்ன எக்சர்சைஸ்?" என்பது நம் எல்லோர் வாயிலும் வரும் பதில். மேடேறுவது இதயத்துக்கும் தொடைக்கும் நல்லது. தோள், முதுகு, மேல்கை, மார்புக்கு அதில் வேலையே இல்லை. தொங்குகிற சதை தெரிவதும் அங்கேதான். இலைப்பை சுமந்து ஏறுகிற தோட்டத் தொழிலாளிக்கு இது பொருந்தாது. ஆபீஸ், கடை, வீடு என்று இருப்பவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பளு கொடுக்க வேண்டும், மூன்று என்றால் இன்னும் நல்லது. ஜிம் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுப்பது, ஐந்து கிலோ அரிசிப் பையை இரண்டு கையாலும் தரையிலிருந்து இடுப்பு வரை தூக்குவது. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு தடவை, இரண்டு மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாக இருந்தால் பளுவைக் கூட்டுங்கள். மூட்டுவலி, இதய நோய், கண் விழித்திரைக் கோளாறு இருப்பவர்கள் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தசை சேர்ந்தாலும் முகத்தில் போன கொழுப்பு திரும்பி வராது. ஆனால் தோள் நிமிரும், சட்டை தோளில் உட்காரும், மேல்கைத் தோலுக்கு உள்ளே ஒரு பிடிமானம் இருக்கும். ஊர் வாயில் "இளைச்சுட்ட" என்பது "நல்லாயிட்ட" என்று மாறுவதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

முடி

பெரும்பாலோர் அழுவது இதற்குத்தான். எடை வேகமாக இறங்கத் தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டும். குளியலறை ஜாலியில் கொத்தாக, சீப்பில், தலையணையில், ஸ்வெட்டர் தோளில். சாதாரண நாளிலேயே 50 முதல் 100 முடி கொட்டும். இப்போது அதைவிடப் பல மடங்கு. ஊட்டித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, ஷாம்பு சரியில்லை, பனி என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். நிஜக் காரணம், உடம்பு ஒரு அதிர்ச்சியைச் சந்தித்து, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும் பங்கை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பியதுதான். பிரசவத்துக்குப் பின்னும் டெங்குக் காய்ச்சலுக்குப் பின்னும் கொட்டுவதும் இதே வகை. கவாத்து வெட்டிய தேயிலைத் தோட்டம் மொட்டையாக நின்றாலும் வேர் உயிரோடு இருப்பதைப் போல, இங்கேயும் மயிர்க்கால் சாகவில்லை. கொட்டுவது ஆறு மாதத்துக்குள் அடங்கும். புது முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பழைய அடர்த்தி தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். நெற்றியோரம் குட்டி முடிகள் குத்திட்டு நின்றால் நல்ல செய்தி.

வீகோவி ஆய்வுகளில் ஊசி போட்டவர்களில் 3 சதவீதம் பேரும், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 1 சதவீதம் பேரும் முடி கொட்டியதாகச் சொன்னார்கள். எடை அதிகம் குறைந்தவர்களிடம் அது கூடுதலாக இருந்தது.

செய்ய வேண்டியது: புரதம், பெரிட்டின், தைராய்டு, வைட்டமின் டி. குறை இருந்தால் சரி செய்வது. தலையை இறுக்கிப் பின்னாமல் இருப்பது. ஈரத்தலையோடு குல்லாய் போட்டு நாளெல்லாம் மூடி வைக்காமல் இருப்பது. எண்ணெய் வைப்பதில் தப்பில்லை, ஆனால் எந்த எண்ணெயும் இந்தக் கொட்டலை நிறுத்தாது. வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோல் அரித்துச் செதில் உதிர்ந்தாலோ, ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். நகம் ஸ்பூன் மாதிரி குழிந்திருந்தால் இரும்புச்சத்தை உடனே பாருங்கள்.

மலை வெயிலும் மலைக் குளிரும்

குளிர்கிறதே, வெயில் என்ன செய்யும் என்று நினைப்பதுதான் மலைவாசிகளின் வழக்கம். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி 2,240 மீட்டர். அடிவாரத்து மேட்டுப்பாளையத்தைவிட இங்கே சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். மெல்லிய மேகம், பனிமூட்டம் வழியாகவும் 80 சதவீதம் வரை ஊடுருவும். தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜனையும் எலாஸ்டினையும் சிதைப்பது அந்தக் கதிர்தான். கன்னத்தில் மங்கு கருப்பதும் அதனால்தான். உள்ளே மெத்தை இறங்கிய முகத்தில் மங்கும் சேர்ந்தால் வாட்டம் இரண்டு மடங்காகத் தெரியும்.

ஆகவே முகத்துக்கென்று ஒரே ஒரு பொருள்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் அது சன்ஸ்கிரீனாக இருக்கட்டும். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் முழு நீளத்துக்கு ஒரு கோடு பிதுக்கினால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. பொட்டுப் பொட்டாக வைத்தால் பயனில்லை. வெளியில் வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். கட்டுப்படியாகாதவர்களுக்கு அகல விளிம்புத் தொப்பியோ, பறிக்கும்போது தலையில் போடுகிற துணியை நெற்றிக்கு முன்னால் இழுத்துவிடுவதோ நல்ல வேலை செய்யும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலத்தில் காற்று காய்ந்திருக்கும். நாமோ தோல் சிவக்கிற சூட்டில் குளிப்போம். வெந்நீர் தோலின் எண்ணெய்ப் பசையைக் கழுவிக்கொண்டு போய்விடும், சுருக்கம் எடுப்பாகத் தெரியும். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, துவட்டிய ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசரோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். மலையில் எண்ணெய் பாட்டில் உறைந்து கிடக்கும், குளிக்கப் போகும்போதே வெந்நீர் மக்கில் நிறுத்தி வைத்தால் இளகியிருக்கும். பரு வருகிற முகத்துக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் வேண்டாம். நீலகிரித் தைலம் தேய்த்தால் தோல் இறுகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எரிச்சலும் தடிப்பும்தான் மிஞ்சும்.

இரவில் தடவும் ரெட்டினாய்டு கிரீம்கள் தோலுக்கு உதவும். தோல் மருத்துவர் எழுதித் தந்தால் வாரம் இரண்டு இரவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் தொடக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிட்டால் செமாகுளுட்டைட் ஊசியையே இரண்டு மாதம் முன்னதாக நிறுத்த வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நல்ல மாற்றமும் உண்டு. கழுத்துப் பின்புறத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரி இருந்த கருப்பு, இன்சுலின் எதிர்ப்பு குறையும்போது மெல்ல வெளுக்கும். தேய்த்துக் கழுவி வராத நிறம் தானாக வரும். மரு மட்டும் தானாக உதிராது.

மடிப்புகளில் ஈரம்

தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், ஊட்டிப் பக்கமும், வடகிழக்கில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் துணி காயாது. அரைகுறை ஈரத்தோடு உள்ளாடை போடுவது மலையில் சகஜம். அடிவயிறு, மார்புக்கு அடி, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தளர்ந்த தோல் ஒன்றின் மேல் ஒன்று படியும்போது அங்கே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். குளித்ததும் மடிப்பைத் தூக்கி ஒற்றித் துடைத்துக் காயவிடுங்கள். பருத்தி உள்ளாடையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடிக்கும் ஷேப்வேரை ராத்திரி கழற்றிவிடுங்கள். சிவந்து அரித்தால் மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்" என்று கேட்டு வாங்காதீர்கள். அப்படி வாங்குவதில் பல ஸ்டீராய்டு கலந்தவை. இரண்டு நாள் சுகமாக இருக்கும், பிறகு படர்தாமரை பெரிதாகும், தோல் மெலிந்து கோடு விழும்.

மோதிரம், ஜாக்கெட், பல் செட்

விரல் மெலிந்திருக்கும்போது மலைக் குளிர் அதை இன்னும் சுருக்கும். காலையில் பைப்பைத் திறந்து பாத்திரம் கழுவும்போது மோதிரம் வழுக்கிக்கொண்டு போகும். மெட்டியும் அப்படித்தான். எடை நிற்கும் வரை ஆசாரியிடம் கொடுத்துச் சிறிதாக்காதீர்கள், இரண்டு தடவை கூலி கொடுக்க நேரும். மோதிரத்தின் உள்பக்கம் நூல் சுற்றிப் போடுங்கள், அல்லது கழற்றிப் பெட்டியில் வையுங்கள்.

ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுக்கும்போது "பிடிச்சு மட்டும் கொடுங்கண்ணா, உள்ளே துணியை வெட்டிடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். அக்குளிலும் பக்கத்திலும் பிடித்தால் போதும், தோள் இறங்கினால்தான் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும். இடைக்காலத்துக்கு இரண்டு மூன்று ஜோடிக்கு மேல் புதிதாக எடுக்க வேண்டாம். ஸ்வெட்டர் மட்டும் விதிவிலக்கு. கொழுப்புப் போர்வை போன உடம்புக்குக் குளிர் முன்னைவிட அதிகம் உறைக்கும். ஊட்டி திபெத்தியன் மார்க்கெட்டில் உடம்போடு ஒட்டுகிற மெல்லிய உள்ஸ்வெட்டர் ஒன்று வாங்கிப் பழையதன் உள்ளே போடுங்கள். தொளதொளத்த பழைய ஸ்வெட்டரைத் தனியாகப் போட்டால் நோயாளி மாதிரித் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பல் செட் ஆடினால் பல் மருத்துவரிடம் சரிசெய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் மெல்ல முடியாமல் புரதம்தான் முதலில் குறையும். மூக்குக்கண்ணாடி நழுவினால் கடையிலேயே காதுக் கம்பியை வளைத்துத் தருவார்கள். முகம் அடையாளம் தெரியாத அளவு மாறியிருந்தால் ஆதார் மையத்தில் போட்டோவைப் புதுப்பிக்கலாம். பாஸ்போர்ட்டிலும் தோற்றம் மாறியதைக் காரணம் காட்டி மறுவெளியீடு கேட்க வழி இருக்கிறது.

கேட்பவர்களுக்கு என்ன சொல்வது

எஸ்டேட் லைனிலும் படுகர் ஊரான ஹட்டியிலும் ரகசியம் என்று ஒன்று இல்லை. ஆனாலும் ஊசி போடுவதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். "டாக்டர் சொல்லித்தான் குறைச்சேன் அக்கா, ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கு" என்று சிரித்துச் சொன்னால் பெரும்பாலும் பேச்சு முடியும். வீட்டில் ஒருவருக்காவது முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும், மயங்கி விழுந்தால் ஆஸ்பத்திரியில் சொல்ல ஆள் வேண்டும். யாராவது "எனக்கும் ஒண்ணு வாங்கித் தா" என்று கேட்டால் உங்கள் ஊசிப் பேனாவைப் பகிராதீர்கள். நுனியில் இருக்கும் ஊசியை மாற்றினாலும் தொற்று வரலாம்.

முகத்தைப் பார்த்து மனசு வெறுத்துத் தானாக ஊசியை நிறுத்துவதும் நடக்கிறது. செமாகுளுட்டைட்டை நிறுத்தியவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. போன தசை பயிற்சி இல்லாமல் தானாகத் திரும்புவதில்லை. நிறுத்த நினைத்தால் டாக்டரிடம் பேசி நிறுத்துங்கள்.

ஃபில்லரும் அறுவை சிகிச்சையும்

எடை குறைந்தபட்சம் ஆறு மாதம் ஒரே அளவில் நின்ற பிறகுதான் இந்தப் பேச்சு. அதற்குள் தோலும் தன்னால் முடிந்த அளவு சுருங்கியிருக்கும், தொடக்கத்தில் பெரிதாகத் தெரிந்தது இப்போது பெரிதாகத் தெரியாமலும் போகலாம். அப்போதும் உறுத்தினால் கன்னத்தை ஊசியால் நிரப்பும் ஹயலூரோனிக் அமில ஃபில்லர் உண்டு. பலன் ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை, பிறகு மறுபடியும் செலவு. சொந்தக் கொழுப்பையே எடுத்து வைப்பதும் உண்டு. அடிவயிறு, மேல்கைத் தோல் நிறையத் தொங்கினால் அதற்கு கிரீம் எதுவும் இல்லை, வெட்டித் தைப்பது ஒன்றே வழி. நீண்ட தழும்பு இருக்கும்.

ஃபில்லரை பார்லரில் போட்டுக்கொள்ளவே கூடாது. ஊசி ரத்தக் குழாயில் இறங்கினால் தோல் அழுகலாம், அரிதாகக் கண்பார்வையே போகலாம். அந்த நிமிடத்தில் ஃபில்லரைக் கரைக்கும் மருந்தை வைத்திருக்கிற தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோதான் செய்ய வேண்டும். முதல் ஆலோசனைக்கு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பெரும்பாலும் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும். ஊசி அளவு கூட்டிய மறுநாள் அந்தப் பயணத்தை வைக்காதீர்கள், கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல் பாடாய்ப் படுத்தும்.

போகும்போது மாதாந்திரப் போட்டோக்கள், எடை குறித்த நோட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், எந்த ஊசி, எந்த அளவு, கடைசியாகப் போட்ட தேதி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் எந்தச் சிகிச்சையானாலும், பல் பிடுங்குவதற்கு முழு மயக்கம் கொடுத்தாலும்கூட, இந்த ஊசி போடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். சாப்பிடாமல் வந்திருந்தாலும் வயிற்றில் உணவு மிச்சமிருந்து, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. எத்தனை நாள் முன்னால் ஊசியை நிறுத்துவது, எவ்வளவு நேரம் திரவ உணவோடு இருப்பது என்பதை மயக்க மருத்துவர் சொல்வார். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.